நிறைந்த பெட்டியும் வெறுமையான பெட்டியும்



எங்கள் குடவாசல் பகுதியில் சம்பா நடவு முடிந்ததும் விவசாயிகள் வானத்தைப் பார்ப்பார்கள். உடனே வடிகாலையும் பார்ப்பார்கள். வயலுக்கு நீர் கொண்டுவர வாய்க்கால் இருந்தால் மட்டும் போதாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மிகுந்த நீர் வெளியேற வழி வேண்டும். வடிகால் தூர்ந்த வயலில் பயிர் மூழ்கி அழுகிவிடும். அதற்கு அஞ்சி, மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டுத் தூங்கப்போனால், பயிருக்கு வேண்டிய நீரும் இட்ட உரமும் சேர்ந்தே போய்விடும்.

இம்மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது விவசாயமன்று, மின்னஞ்சல் பெட்டி. ‘இதிலென்ன எழுத இருக்கிறது? வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்தப் பெட்டி நிறைந்து வழிந்ததால் ஒரு முறையும், முற்றிலும் காலியாக்கப்பட்டதால் மறு முறையும் என் சொந்தக் குடும்பமே தடுமாறி நின்றது. அதனை மறைக்காமல் எழுதுவது பிறருக்குப் பயன்படும் என்றே கருதுகிறேன்.

என் மூத்த சகோதரியின் கணவர் பல்லாண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்தவர். விடுமுறையில் வந்திருந்த ஒரு சமயம், கடைத்தெருவிலிருந்த இணையதள மையத்தில் அமர்ந்து ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கினார். நம் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கப்படி, அந்த ஒரே கணக்குதான் வீடு முழுமைக்கும் பயன்பட்டது. பாஸ்போர்ட் விண்ணப்பம், விமானப் பயணச்சீட்டு, வங்கிக் கடிதம், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை யாவும் அதிலேயே நடந்தன. மச்சான் வஃபாத்தாகி மூன்றாண்டுகள் ஆனபின்னரும், அவருடைய மகன் அதே கணக்கைத் தன் கைப்பேசியில் வைத்துப் பயன்படுத்தி வந்தான்.

படிப்பை முடித்த அப்பிள்ளை, அந்த முகவரியைக் கொடுத்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்திற்கு விண்ணப்பித்தான். நேர்முகத் தேர்வும் நடந்தது. நாள்தோறும் கைப்பேசியைப் பார்த்துக் காத்திருந்தான், ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பின், உடன் விண்ணப்பித்த நண்பன் மூலமாகவே உண்மை தெரிந்தது. நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. பெட்டியில் இடமில்லை என்று அது அனுப்பியவருக்கே திரும்பிவிட்டது. அவர்களும் வேறொருவரை நியமித்துவிட்டார்கள்.

திரும்பிய கடிதத்தை அறிபவர் யார்?

இந்த இடத்தை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பெட்டி நிறைந்துவிட்டால், கடிதம் சேரவில்லை என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குத்தான் போகும். பெறவேண்டியவருக்கோ, அப்படியொரு கடிதம் புறப்பட்டதே தெரியாது. பழைய நாளில் வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் அண்டை வீட்டாரிடமாவது ஒரு சொல் சொல்லிப்போவார். இங்கே அதுவுமில்லை. இடம் நிறைந்துவருகிறது என்ற எச்சரிக்கை வரி திரையில் பல நாட்களாகத் தோன்றிக்கொண்டுதான் இருந்ததாம். விளம்பரம் என்று எண்ணி அப்பிள்ளை அதனைத் தள்ளிவிட்டிருக்கிறான்.

‘மாமு, நமக்கு வருவதே நாலு கடிதம், பெட்டி எப்படி நிறையும்?’ என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காணச் சிறிது பின்னோக்கிப் பார்ப்பது நலம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வாயிலாகத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு, 1996 ஜூலை 4 அன்று, சண்டிகரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா என்பவரும், அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் அமெரிக்காவில் ‘ஹாட்மெயில்’ என்னும் இலவச மின்னஞ்சலைத் தொடங்கினார்கள். அதில் ஒருவருக்குக் கிடைத்த இடம் 2 எம்.பி. மட்டுமே. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பெரும்பாலும் அதில் அடங்காது. அக்காலத்தில் மின்னஞ்சல் வைத்திருந்தோர் வாரந்தோறும் பெட்டியைத் துப்புரவு செய்தே தீரவேண்டியிருந்தது. பின்னர் 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் 1 ஜி.பி. இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தது. ஹாட்மெயில் முதலில் தந்த இடத்தைப்போல் இது ஏறத்தாழ 500 மடங்கு. ஏப்ரல் முதல் நாளாதலால், ஏமாற்று வேடிக்கை என்றே பலர் எண்ணினார்கள். இனி எதையும் அழிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் மக்களிடம் பரவியது அதன் பின்னர்தான். அந்த எண்ணமே நமக்கு வினையாக வந்து வாய்த்தது.

ஒரே அலமாரி, மூன்று குடித்தனம்

இன்று கூகுள் கணக்கொன்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் இடம் வழக்கமாக 15 ஜி.பி. ஆனால் அது கடிதங்களுக்கு மட்டும் உரியதன்று. ஜிமெயில், ‘டிரைவ்’ என்னும் கோப்பறை, ‘போட்டோஸ்’ என்னும் புகைப்படத் தொகுப்பு ஆகிய மூன்றும் 2013ஆம் ஆண்டிலிருந்து அந்த ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு அலமாரியை மூன்று குடித்தனக்காரர்கள் பயன்படுத்துவது போன்றது இது. ஒருவர் மூட்டைகளை அடுக்கினால், மற்றவர் ஒரு தாளைக்கூட வைக்க இடமிராது. கைப்பேசிப் படங்களைச் சற்றே சுருக்கிய தரத்தில் கணக்கின்றிச் சேமிக்கும் சலுகையும் 2021 ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டது. அன்றுமுதல் ஏறும் படங்கள் இந்த 15 ஜி.பி.யிலேயே சேர்கின்றன.

பலரும் அறியாத இன்னொன்று உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு எடுக்கப்படும் காப்புநகல், முன்பு இக்கணக்கில் சேராமல் இருந்தது. 2024ஆம் ஆண்டிலிருந்து அதுவும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. உறவினர் குழுவில் வரும் திருமண வீடியோ, நண்பர் அனுப்பும் நகைச்சுவைக் காட்சி, நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்கள் யாவும் காப்புநகலில் ஏறி, வேலைக்கான கடிதம் வந்து அமரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. என் சகோதரி மகனின் பெட்டியை அடைத்திருந்தவை கடிதங்கள் அல்ல, இந்த வீடியோக்களே.

இதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். கணினியில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக் குறியும் பொதுவாக 3 பைட் இடம் கொள்ளும். இரண்டு பக்கக் கடிதம் ஒன்று 10 கே.பி.க்குள் அடங்கிவிடும். ஆனால் தெளிவாக எடுத்த ஒரு நிமிட வீடியோ 100 எம்.பி. அளவுக்கும் வரக்கூடும். ஒரு நிமிடக் காட்சி, பத்தாயிரம் கடிதங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது! இத்தகைய வீடியோ இரண்டரை மணி நேரம் சேர்ந்தால் 15 ஜி.பி.யும் தீர்ந்தது. ஆகவே, இடம் போதவில்லை என்று கடிதங்களின்மேல் கைவைப்பது, வீட்டில் நெருக்கடி என்பதற்காக மரப்பீரோவை விட்டுவிட்டு ஊசிப்பெட்டியை வெளியே எறிவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் பிழை

ஆனால் என் சகோதரி மகன் அதைத்தான் செய்தான். வேலை போன ஆத்திரத்தில், ஒரே இரவில் பெட்டியிலிருந்த கடிதங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டான். ‘மாமு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன்; இனி ஒரு தொல்லையுமில்லை’ என்று என்னிடம் சொன்னபோது, நானும் ‘சரி’ என்றேனேயன்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வகையில் பிழையில் எனக்கும் பங்குண்டு.

ஏறத்தாழ நாற்பது நாட்கள் சென்றிருக்கும். வெளியூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மச்சானுடன் வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் தந்தையின் குறிப்பேட்டைப் பார்த்திருக்கிறார்கள். மச்சான் தம் மகளின் நிக்காஹ்விற்காக வாங்கிய கடன் அதில் எழுதப்பட்டிருந்தது. திருப்பிச் செலுத்தியது எழுதப்படவில்லை. மிகுந்த மரியாதையுடன், ‘இதுபற்றித் தங்களுக்கு ஏதேனும் தெரியுமா?’ என்று கேட்டிருந்தார்கள்.

என் சகோதரிக்கு நன்றாக நினைவிருந்தது. தவணை தவணையாகக் கடனை அடைத்து முடித்ததும், ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று அந்த நண்பர் மின்னஞ்சலில் எழுதியதை மச்சான் அவருக்குப் படித்துக்காட்டியிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் அது வெறுமையாகக் கிடந்தது. குப்பைக் கூடையும் வெறுமை. இறந்தவரின் கடன் தீர்ந்ததா இல்லையா என்பது வாரிசுகளுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடனை அதன் தவணையோடு எழுதிவைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லித்தருபவன் நான். என் சொந்தக் குடும்பத்தில், எழுதிவைத்திருந்ததையே நாங்கள் அழித்துவிட்டு நின்றோம்.

அல்ஹம்துலில்லாஹ், கதை அத்துடன் முடியவில்லை. நிலைமையை மறைக்காமல் அவர்களுக்கு எழுதினோம். நான்கு நாட்களில் பதில் வந்தது. மூத்த மகன் தம் தந்தையின் கணக்கைத் திறந்து, அனுப்பிய கடிதங்கள் இருக்கும் ‘சென்ட்’ என்னும் பகுதியில் தேடியிருக்கிறார். அந்தக் கடிதம் அங்கே இருந்தது. ‘எங்கள் அத்தாவின் கையாலேயே கணக்குத் தீர்ந்திருக்கிறது, தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று எழுதி, அதன் படியையும் அனுப்பியிருந்தார். அவர்களுடைய நேர்மையால் நாங்கள் தப்பினோம். எல்லாருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

அழித்தல் என்பது இரண்டு படி

இந்நிகழ்ச்சியிலிருந்து நான் கற்றவற்றை முறையாகச் சொல்கிறேன். ஜிமெயிலில் ஒரு கடிதத்தை அழித்தால் அது உடனே மறைந்துவிடுவதில்லை. ‘டிராஷ்’ அல்லது ‘பின்’ என்று பெயரிட்ட குப்பைக் கூடைக்குச் செல்கிறது. அங்கே 30 நாட்கள் இருக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். கெடு கடந்தால் தானாகவே அழிந்துவிடும். வேறு நிறுவனங்களின் மின்னஞ்சலில் இக்கெடு மாறுபடும்.

இதனால் விளைவன மூன்று. முதலாவதாக, தவறி அழித்ததை அறிந்தவுடன் தேடவேண்டும், நாள் கடத்தலாகாது. இரண்டாவதாக, கூடையில் கிடப்பதும் 15 ஜி.பி.யில் சேர்த்தே எண்ணப்படும். கூடையையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். மூன்றாவதாக, மையங்களில் உள்ள பொதுக் கணினியில் பாஸ்போர்ட், ஆதார் படிகளை அனுப்பிவிட்டு ‘அழித்துவிட்டேன்’ என்று நிம்மதியாக எழுந்து வருபவர்கள், அவை கூடையில் ஒரு மாதம் கிடக்கும் என்பதை அறியவேண்டும். கணக்கிலிருந்து வெளியேறாமல் வந்துவிட்டால், அடுத்து அமர்பவர் அவற்றை எடுத்துக்கொள்ள இயலும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நாம் அழிப்பது நம் படியை மட்டுமே. எதிர்த்தரப்பில் சேர்ந்துவிட்ட படியை நாம் தொடமுடியாது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்தக் கிடைக்கும் அவகாசம், நாம் அமைத்துக்கொண்டால் 30 விநாடி, அவ்வளவே. எங்களுக்கு அது நன்மையாக முடிந்தது. ஆனால் கோபத்தில் உறவினருக்கு எழுதிய கடுஞ்சொல்லுக்கும் இதே விதிதான்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலில், கூகுள் கணக்கின் ‘ஸ்டோரேஜ்’ பகுதியைத் திறந்து, மூன்று குடித்தனங்களில் யார் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காரணம் தெரியாமல் எதையும் அழிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் காப்புநகல் பெரிதாக இருந்தால், அதன் அமைப்புகளில் ‘சாட்ஸ்’, பின்னர் ‘சாட் பேக்கப்’ சென்று, வீடியோவைச் சேர்க்கும் வசதியை நிறுத்துங்கள். தேவையற்ற வீடியோக்களை உரையாடல்களிலிருந்தும் நீக்கிவிட்டு, புதிதாக ஒரு காப்புநகல் எடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒன்றே போதுமானதாகும்.

அடுத்து, ஜிமெயிலின் தேடும் கட்டத்தில் ‘லார்ஜர்’ என்னும் ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, 10 என்னும் எண், ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்து ஆகியவற்றை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி இடுங்கள். 10 எம்.பி.க்கு மேற்பட்ட கடிதங்கள் மட்டும் வரும். ஒரு கடிதம் 25 எம்.பி. வரை இணைப்புகளைச் சுமக்கும். அத்தகைய நாற்பதை நீக்கினாலே 1 ஜி.பி. கிடைத்துவிடும். அதன்பின் கடைகளும் நிறுவனங்களும் அனுப்பும் விளம்பரங்களை நீக்குங்கள். நமக்குத் தெரிந்த நிறுவனமாயின், ‘அன்சப்ஸ்கிரைப்’ என்பதை அழுத்தினால் வரவே நின்றுவிடும்.

‘போட்டோஸ்’ தொகுப்பில் கைவைக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. கைப்பேசியோடு இணைந்திருக்கும் நிலையில், அங்கே அழித்தால் கைப்பேசியிலும் படம் அழிந்துவிடும். வேண்டிய படங்களை முதலில் கணினியிலோ பென்டிரைவிலோ படியெடுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தா சிங்கப்பூரிலிருந்து எழுதிய நீல நிற விமானக் கடிதங்களை என் தாயார் ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கொரு முறை, நோன்புக்கு முன் வீட்டை வெள்ளையடிக்கும்போது, அவற்றை முற்றத்து வெயிலில் பரப்பி மூன்றாகப் பிரிப்பார்கள். பணம், நிலம், கடன் பற்றியவை ஒரு கட்டு, பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் காட்டவேண்டியவை ஒரு கட்டு, எஞ்சியவை அடுப்புக்கு. பிரித்து முடிக்காமல் ஒரு தாளையும் அடுப்பில் இடமாட்டார்கள். எழுதப் படிக்க மிகுதியும் அறியாத அத்தாய் கடைப்பிடித்த முறையை, பட்டம் பெற்ற நானும் பட்டயம் பெற்ற என் சகோதரி மகனும் கடைப்பிடிக்கவில்லை.

ஆகவே கடன், வாடகை, நிலம், வேலை ஒப்பந்தம், மருத்துவம், கல்வி ஆகியன பற்றிய கடிதங்களுக்குத் தனி அடையாளம் இட்டுவையுங்கள். மிக முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள். அதன்பிறகே எஞ்சியதை அழியுங்கள்.

இரு எச்சரிக்கைகள்

‘உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, உடனே இங்கே அழுத்தி பாஸ்வேர்டைக் கொடுங்கள்’ என்று கடிதம் வந்தால் நம்பாதீர்கள். இது ஏமாற்றுவோர் விரிக்கும் வலை. கணக்கை நாமே நேராகத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

அடுத்தது, மறைந்தவர்களின் கணக்குகள். இரண்டாண்டுகள் எவ்விதப் பயன்பாடுமின்றிக் கிடக்கும் தனிநபர் கணக்குகளை, உள்ளிருப்பவற்றோடு நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. இடத்தின் அளவை மீறி இரண்டாண்டுகள் விட்டுவைத்தாலும் உள்ளிருப்பவை நீக்கப்படலாம். தமக்குப்பின் யார் அதனைப் பார்க்கலாம் என்று உயிரோடிருக்கும்போதே குறித்துவைக்க, ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்னும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது; பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். வஸிய்யத் எழுதுவோர் இதனையும் ஒரு வரியாக நினைவிற்கொள்வது நன்று.

என் சகோதரி மகன் இப்போது தனக்கெனத் தனிக் கணக்கு வைத்திருக்கிறான். தந்தையின் கணக்கை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறான். அந்த நண்பரின் மகன் அனுப்பிய படியை அச்செடுத்து, என் தாயாரின் தகரப்பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அவனுக்கு வேறொரு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பெட்டியில் அதற்கு இடமிருந்தது.